ஓடும் வண்டியிற் பாட்டுக் கேட்டல்

நம் கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருக என மலராசிரியர் பணித்து மூன்று திங்களாயின. இத்தகைய மலர்கள் தமிழாசிரியன் ஒருவனிடம் எவற்றை எதிர்பார்க்கும் என்பதை நான் அறியாதவன் அல்லேன். சங்கப் புலவர் கண்ட விருந்தோம்பல், வள்ளுவர் வகுத்த கல்வி, கம்பன் காட்டும் உடன்பிறப்பன்பு முதலிய பொருள்கள் எனக்காகக் காத்திருந்தன. அவற்றை என்னினும் வல்லார் இம்மலரின் பிற பக்கங்களிற் செவ்வனே எழுதியிருப்பர். சப்பிரகமுவ மாகாணத்துத் தேயிலைக்கும் றப்பருக்கும் நடுவே இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் எனக்கு, அண்மைக் காலமாக நெஞ்சை விட்டகலாத பொருள் வேறொன்று உண்டு. மோட்டார் சைக்கிளிற் பொருத்தப்பட்டு வரும் பாட்டுப்பெட்டியின் ஓசை நயமே அது. நகைக்க விரும்பும் பழைய மாணவ நண்பர்கள் தாராளமாக நகைக்கலாம். விடுதியில் இருந்த காலத்திலும் என் பேச்சுக்கு அவர்கள் அதனையே செய்தனர்.

நெடும்பயண மோட்டார் சைக்கிள் எனப்படும் பெருவண்டி எம்மூர்த் தெருக்களிற் காண்டற்கரியது. ஹொண்டா நிறுவனத்தாரின் கோல்ட் விங் என்னும் வண்டி 1975 இல் விற்பனைக்கு வந்தபோது அதன் இயந்திரக் கொள்ளளவு ஏறத்தாழ 1,000 கன சென்ரிமீற்றர். இன்று அது 1,833 ஆக வளர்ந்து, ஆறு சிலிண்டர்களுடன் ஒரு சிறு மோட்டார்க் காரையே நாணச் செய்கின்றது. 1980 இல் அவர்கள் வெளியிட்ட வண்டியில் காற்றைத் தடுக்கும் முன்கவசமும் பயணப் பெட்டிகளும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டன. வேண்டுவோர்க்கு ஸ்டீரியோ வானொலியும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் கல்வின் சகோதரர் மோட்டோரோலா என்னும் பெயரில் மோட்டார்க் கார்களுக்கு வானொலி செய்து விற்கத் தொடங்கியது 1930 இல். நான்கு சக்கர வண்டியிலிருந்து இரு சக்கர வண்டிக்குப் பாட்டு இவ்வாறு குடிபெயர அரை நூற்றாண்டு சென்றது. ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தாரும் தம் பெருவண்டிகளில் இதனைப் பேணி, 2014 ஆம் ஆண்டு மாதிரிகளில் ஒலியமைப்பைப் பெரிதும் புதுக்கினர். ஹொண்டா நிறுவனத்தார் 2021 ஆம் ஆண்டு மாதிரியில் 45 வாற்று ஒலிபெருக்கிகளைப் பொருத்தினர்.

இவற்றையெல்லாம் தமிழாசிரியன் எங்ஙனம் அறிந்தான் என வினவுதல் நியாயமே. எம் பாடசாலையிற் சாதாரண தரம் வரை பயின்ற மாணவன் ஒருவன் 2014 இல் துபாய்க்குச் சென்றான். கூலியாளாகச் சேர்ந்தவன் இன்று இத்தகைய பெருவண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றிற் கைதேர்ந்த வேலையாள். புணர்ச்சி விதியில் அவன் என்னை வாட்டியதை நான் மறக்கவில்லை. ஒவ்வொரு விதிக்கும் "ஏன் சேர்?" என்பான். கடல் கடந்த பின்னும் அப்பழக்கம் அவனை விடவில்லை. விடுமுறை நாட்களிற் குரற்செய்தி அனுப்புவான். ஒரு நாள் வந்தது இக்கேள்வி: "சேர், கடைக்குள்ள நிக்கிறப்போ பாட்டு கச்சேரி மாதிரி கேக்குது. ரோட்டுல ஏறுனா ஒன்னுமில்ல. இவ்வளவு காசு குடுத்து வாங்குறவங்க எல்லாம் இதைத்தான் சொல்றாங்க. ஏன் சேர்?"

இது நன்னூலில் விடை காணக்கூடிய வினா அன்று. எம் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரை அணுகினேன். அவரும் நானும் பல மாலைப் பொழுதுகளில் நூல்களையும் கட்டுரைகளையும் தேடிப் படித்தோம். படித்தவற்றைச் சுருங்கச் சொல்வேன்.

முதற்பகை காற்று. வண்டி மணிக்கு 65 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியதும் தலைக்கவசத்துக்குள்ளே காதருகிற் காற்றின் இரைச்சல் 90 டெசிபலைக் கடந்துவிடுகின்றது. வேகம் இருமடங்கானால் இரைச்சல் ஏறக்குறைய 18 டெசிபல் ஏறும். டெசிபல் என்பது பெருக்கல் முறையில் ஏறும் அளவை. 10 டெசிபல் ஏற வேண்டுமாயின் ஒலிபெருக்கிக்குப் பத்து மடங்கு மின்வலு கொடுத்தல் வேண்டும். 18 டெசிபல் ஏற அறுபது மடங்குக்கு மேல் வேண்டும். மெல்லச் செல்கையில் ஒரு வாற்றில் இனிது பாடிய பெட்டி, வேகம் இரட்டித்ததும் அதே இனிமைக்கு அறுபது வாற்றுக் கேட்கும் என்பது இதன் பொருள். வேகத்தைக் கண்டு தானாகவே ஒலியைக் கூட்டும் பொறியை வண்டி செய்வோர் வைத்துள்ளனர். எனினும் சிறு ஒலிபெருக்கி எத்துணை தூரம் கத்தும்? ஓர் எல்லைக்கு மேல் அது கரகரக்கின்றது. கரகரப்பை இரைச்சலுடன் சேர்த்துக் கேட்பவன், தொழிற்சாலையார் மட்டமான பெட்டி கொடுத்துவிட்டனர் என்று கோபிக்கின்றான்.

அவர்களை முற்றாகக் குறை கூறுதல் தகாது என்பது என் கருத்து. மோட்டார்க் காரின் மூடிய அறை தாழ்ந்த சுரங்களைத் தாங்கி உயர்த்திக் கொடுக்கும். சிறிய ஒலிபெருக்கியும் அங்கே பெரியது போற் பேசும். மோட்டார் சைக்கிளுக்கு அறையுமில்லை, சுவருமில்லை. மத்தளத்தின் இடந்தலை எழுப்பும் ஓசை எட்டுத் திசையும் ஓடி மறைகின்றது. எஞ்சியிருக்கும் தாழ்ந்த சுரத்தைக் காற்றின் இரைச்சல் மூடிவிடுகின்றது. காற்றின் வலிமை பெரிதும் தாழ்ந்த அதிர்வுகளிலேயே இருப்பதனால் இது நிகழ்கின்றது. மேற்சுரங்களைத் தலைக்கவசத்தின் மெத்தை விழுங்குகின்றது. அடியும் நுனியும் அறுபட்ட கரும்புத் துண்டு போல நடுப்பகுதி மாத்திரம் காதுக்கு எட்டுகின்றது.

ஆயினும் ஒரு வியப்பைச் சொல்லாமல் விடலாகாது. ஸ்டீரியோ என்பது இரு செவிக்கும் இரு வேறு ஒலி கொடுத்து இடத்தைக் காட்டும் வித்தை. ஆங்கிலப் பொறியியலாளர் அலன் புளூம்லைன் 1931 இல் இதற்கு ஆக்கவுரிமை கோரினார். இவ்வித்தை முற்றப் பலிப்பதற்குக் கேட்பவன் இரு ஒலிபெருக்கிகளுக்கும் நேர் நடுவே இருத்தல் வேண்டும். மோட்டார்க் காரில் எவரும் நடுவே இருப்பதில்லை. சாரதி ஒரு பக்கம், உடன் வருபவர் மறு பக்கம். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவனோ எப்பொழுதும் சரி நடுவில் இருக்கின்றான். வண்டிகளுள் ஸ்டீரியோவுக்கு மிகப் பொருந்திய ஆசனம் அவனுக்கே வாய்த்தது. அவ்வாசனத்திற் காற்று அவனுக்கு முன்னே வந்து அமர்ந்துகொண்டது.

அம்மாணவன் எழுதிய மற்றொரு செய்தியை முதலில் நான் நம்பவில்லை. நெடுந்தூரம் ஓட்டிப் பழகியவர்கள் காதை அடைப்பானால் அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கின்றனராம். அடைத்த பின் பாட்டுத் தெளிவாகக் கேட்கின்றதாம். விஞ்ஞான ஆசிரியர் சிரித்தார். அடைப்பான் இரைச்சலையும் பாட்டையும் சேர்த்தே குறைக்கின்றது என்றும், மிகையான ஒலியாற் செவி திணறுவது நீங்குவதால் பகுத்துக் கேட்கும் ஆற்றல் அதற்கு மீளுகின்றது என்றும் விளக்கினார். கண் கூசும் வெயிலிற் கையைப் புருவத்தின் மேல் வைத்துப் பார்ப்பதை உவமை காட்டினார். தமிழாசிரியனுக்கு உவமை சொன்னாற் போதும், நம்பிவிடுவான்.

நிற்க. எம் பகுதியில் இக்கணக்கெல்லாம் எதற்கு? இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்குச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலையிலேயே 65 கிலோமீற்றர் வேகத்தை நீடித்துப் பிடித்தல் அரிது. தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கத்து வளைவுகளை அறிந்தோர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்துச் சாலையில் 20 கிலோமீற்றர் என்பது துணிந்தவனின் வேகம். எம் இளைஞர் ஓட்டும் வண்டிகள் 100 முதல் 150 கன சென்ரிமீற்றர் வரையானவை. தொழிற்சாலையிற் பொருத்திய பாட்டுப்பெட்டி அவற்றிற்கு இல்லை. ஆகவே நகரத்திற் கிடைக்கும் சோடி ஒலிபெருக்கிகளை வாங்கிக் கைபிடியிற் கட்டிக்கொள்கின்றனர். முச்சக்கர வண்டிக்காரர் ஆசனத்தின் பின்னே பெட்டி வைக்கின்றனர். தனியார் பேருந்துகளைப் பற்றி எழுதப் புகுந்தால் மலராசிரியர் பக்கம் போதாது என்பார். ஒன்று மாத்திரம் சொல்வேன்: பேருந்தின் உள்ளே பாட்டு உண்மையில் நன்றாகவே கேட்கின்றது, மூடிய அறையின் பயன் அது. பாட்டைத் தெரிந்தெடுப்பவர் நடத்துனர் என்பதே குறை.

பண்பலை வானொலியோ எம் மலைகளுடன் கண்ணாமூச்சி ஆடுகின்றது. இறக்குவானைப் பக்கத்தில் ஒரு வளைவுக்கு முன் தெளிவாக ஒலித்த பாட்டு, வளைவு திரும்பியதும் மலை மறைப்பால் அற்றுப்போய், அடுத்த வளைவில் விட்ட இடத்துக்கு அப்பால் மீண்டும் எழும். பல்லவியை ஓரிடத்திலும் சரணத்தை ஓரிடத்திலுமாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எம் வகுப்புகளில் உளர். 2022 இல் எரிபொருள் கிடையாத மாதங்களில் இவ்வோசைகள் அனைத்தும் ஒருங்கே அடங்கின. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று வரையறுத்த நாட்கள் அவை. நான் நடந்தே பாடசாலை சென்றேன். விடியற்காலையிற் பால் வெட்டுபவர் மரத்துக்கு மரம் நகரும் காலடி ஓசை றப்பர்க் காட்டுக்குள் அத்துணை தூரம் கேட்கும் என்பதை அப்பொழுதுதான் அறிந்தேன்.

இனி, இப்பொருள் என்னை விடாது பற்றியதன் காரணத்துக்கு வருகின்றேன்.

அம்மாணவன் 2023 சித்திரைப் புத்தாண்டுக்கு விடுமுறையில் வந்தான். அவனுடைய தந்தையார் பலாங்கொடைப் பகுதித் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஸ்டோர் என்றே தோட்டத்தார் அதனைச் சொல்வர். கொழுந்தை உருட்டும் பகுதியில், ரோலர் இயந்திரங்களின் நடுவே, அவர் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. மகன் வெளிநாட்டிற் கற்ற வித்தையைத் தந்தைக்குப் பயன்படுத்த விரும்பினான். மழையில் நனையாத ஒலிபெருக்கி ஒரு சோடி கொண்டுவந்து, தம்பியின் மோட்டார் சைக்கிளிற் பொருத்தினான். தந்தையைப் பின்னாசனத்தில் இருத்தி, அவருக்குப் பிடித்த பழைய பாட்டுக்களை ஒலிக்கவிட்டு, கோயிலுக்கும் நகரத்துக்கும் அழைத்துச் சென்றான். லயத்தார் அனைவரும் கண்டு மகிழ்ந்தனர். "எப்படிங்க இருக்கு?" என்று நானும் கேட்டேன். பெரியவர் சற்றுச் சிந்தித்து விடை சொன்னார்.

"பாட்டு வருதுங்க மாஸ்டர். வார்த்தைதான் வரமாட்டேங்குது."

மகன் ஒலியைக் கூட்டினான். அடுத்த மலையில் உள்ளவர்க்கும் வார்த்தை கேட்டது. பெரியவர் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டார். பின்பு மீண்டும், வார்த்தை வரவில்லை என்றார். மகனுக்கு வருத்தமும் சிறிது கோபமும். "அப்பா எப்பவும் இப்படித்தான் சேர், எதைச் செஞ்சாலும் ஒரு குறை" என்றான்.

நாங்கள் படித்த காற்றுக் கணக்கு இங்கே உதவவில்லை. 20 கிலோமீற்றர் வேகத்திற் காற்று என்ன தீங்கு செய்துவிடும்? மகன் முதுகு வேறு அவருக்கு மறைவாக இருந்தது. வண்டியை நிறுத்திக் கேட்டபோதும் விடை அதுவேயாயிற்று. பெட்டி நல்லது; பாட்டு நல்லது; வண்டியோ நின்றிருக்கின்றது. எஞ்சியது செவி ஒன்றே.

தமிழ் எழுத்துக்களை நம் முன்னோர் உயிர் என்றும் மெய் என்றும் பகுத்தனர். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. வகுப்பில் இதனை எத்தனையோ முறை ஒப்புவிக்கச் செய்திருக்கின்றேன். இதன் ஒலியியற் பொருளை அன்றிரவு விஞ்ஞான ஆசிரியர் காட்டிய படத்திற் கண்டேன். உயிரெழுத்துக்களின் வலிமை பெரும்பாலும் ஏறத்தாழ 1,000 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள அதிர்வுகளில் உள்ளது. க, ச, த, ப என வல்லெழுத்துக்களைப் பிரித்துக் காட்டும் நுண்ணோசையோ 2,000 இலிருந்து மேலே செல்லும் அதிர்வுகளில், மிக மெல்லியதாய், கணப்பொழுதுக்கு மாத்திரம் தோன்றி மறைகின்றது. ஓசையைச் சுமப்பது உயிர். பொருளை வேறுபடுத்துவதில் மெய்க்குப் பெரும் பங்குண்டு. தொலைபேசி 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரை மாத்திரமே கடத்தும்படி நெடுங்காலம் அமைக்கப்பட்டிருந்தது. அதனாலேயே புதிய பெயர் ஒன்றைத் தொலைபேசியிற் சொல்லும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் உதாரணம் கூற வேண்டியிருந்தது.

நெடுங்காலம் இரைச்சலில் நின்றவர் செவியில் முதலிற் கெடுவது 4,000 ஹேர்ட்ஸை ஒட்டிய பகுதி என மருத்துவ நூல்கள் கூறுகின்றன. உட்செவியிலுள்ள நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஐக்கிய அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனம், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலே எல்லை என்றும், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தல் வேண்டும் என்றும் வகுத்துள்ளது. 100 டெசிபலில் நிற்பவனுக்குக் கால் மணி நேரமே கொடுக்கப்பட்டது. இவ்வாறு கெட்ட செவிக்கு மெல்லோசை கேளாது; பேரோசையோ நம்மைப் போலவே உரக்கக் கேட்டு வருத்தும். பெரியவர் காதைப் பொத்திக்கொண்டதும் வார்த்தை வரவில்லை என்றதும் ஒரே நோயின் இரு குறிகள்.

கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்ற காலத்தில், சொல்வதெழுதல் பாடத்துக்கு ஓரெழுத்து மாத்திரம் வேறுபடும் சொற்களைத் தொகுத்து வைத்திருந்தேன். மறுநாள் மாலை லயத்துக்குச் சென்று, பெரியவரைத் திண்ணையில் இருத்தி, அவர் என் வாயைப் பாராதபடி பின்னே நின்று சொன்னேன்.

"காலை."

"ஆலை" என்றார்.

"சாலை."

"ஆலைங்க."

"பாலை."

"அதேதான சொல்றீங்க மாஸ்டர், ஆலை."

மகன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். நான் நான்காவது சொல்லைச் சொல்லவில்லை.

அதன் பின் நிகழ்ந்தவற்றை விரைந்து கூறுகின்றேன். அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் செவிச் சிகிச்சைப் பிரிவில் அவருக்குச் செவிச் சோதனை செய்தனர். வரைபடத்திற் கோடு ஓரளவு நேராகச் சென்று, 4,000 ஹேர்ட்ஸ் அருகே பள்ளத்தில் வீழ்ந்து கிடந்தது. இரு செவியும் ஒரே வகை. எத்துணை ஆண்டு எங்கே வேலை செய்தீர்கள் என வைத்தியர் வினவினார். அவர் வாயசைவைக் கண்டு பெரியவர் சரியாகவே விடை சொன்னார். காதடைப்பான் கொடுத்தார்களா என்னும் கேள்விக்கு, அப்படி ஒரு பொருள் உண்டா எனப் பெரியவர் எதிர்க்கேள்வி கேட்டார். அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயரை ஈண்டு எழுதேன். ஸ்டோரில் நின்றவனுக்குக் காது மந்தமாகும் என்பதை மழைக்காலத்தில் அட்டை கடிக்கும் என்பது போல இயல்பாகப் பேசும் லயங்களை நான் அறிவேன். ஒரு சோடி காதடைப்பானின் விலை ஒரு கிலோ தேயிலையின் விலைக்கு மிகக் குறைவு. இதனை எழுதும்போதும் என் பேனா சற்று அழுத்தியே ஓடுகின்றது.

பெரியவரை ஊரார் கோபக்காரர் என்றனர். பேசினால் மறுமொழி சொல்லார், சிரித்தாற் சிரியார் என்றனர். அவருடைய பேத்தி ஆறாம் வகுப்பில் என் மாணவி. முன்பு பாடத்தைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டும் வழக்கம் அவளுக்கு இருந்ததாம். தாத்தா எல்லாவற்றுக்கும் தலையசைப்பார்; கேள்வி கேட்டால் வேறொன்றைச் சொல்வார். பிள்ளைக்குச் சலித்துவிட்டது. வாசிப்பது நின்றுபோயிற்று. இசையும் வார்த்தையும் பிரிந்து, ஓசை மாத்திரம் உள்ள உலகத்தில் அவர் எத்தனை ஆண்டு தனித்திருந்தாரோ, அவருக்கே தெரியாது. படிப்படியாக வந்த குறையாதலின், உலகத்தார் வரவர முணுமுணுத்துப் பேசுகின்றனர் என்றே அவர் எண்ணியிருக்கின்றார்.

இங்கே இலங்கை வானொலியை நினையாதிருக்க முடியவில்லை. பெரியவர் இளமையில் லயத்து வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்து கேட்டவர். மயில்வாகனனார் காலத்தையும் கே. எஸ். ராஜா காலத்தையும் சொல்லும்போது அவர் முகம் மலரும். மத்திய அலையில் வந்த அவ்வொலிபரப்பிற் சுமார் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்டது எதுவும் வரவில்லை. பெட்டிகளோ சிறியவை. இடி மின்னல் வேறு குறுக்கிடும். ஆயினும் வார்த்தை வந்தது. அறிவிப்பாளர் ஒவ்வொரு மெய்யையும் அதற்குரிய அரை மாத்திரை கொடுத்து உச்சரித்தனர். ராஜா எத்துணை விரைந்து பேசினாலும் எழுத்துச் சிதைந்ததில்லை. இன்றைய பண்பலை 15,000 ஹேர்ட்ஸ் வரை கொண்டுவருகின்றது. கொண்டுவரப்படும் தமிழைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் மலரில் எழுதுதல் நாகரிகமன்று.

திறந்த வெளியில் ஒலியை வெல்லச் செய்யும் வித்தையை எம் தோட்டத்தார் அறியாதவர் அல்லர். மாசி மாதத்திற் காமன் கூத்துக்குத் தப்பு அடிப்போரை நான் பலமுறை கவனித்திருக்கின்றேன். அடிக்குமுன் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவர். தோல் இறுகியதும் ஓசை கூர்மை பெறும். சுவரற்ற இடத்தில் அடித்தொண்டை ஓசை நில்லாது, கூர்மையான அடியே தூரம் செல்லும் என்பது அவர்கள் கை அறிந்த உண்மை. முற்காலத்திற் பெரட்டுக்கு ஆள் அழைக்க விடியலில் தப்படித்ததும் அதனாலேயே. மாணவனுக்கு இதனை நினைவூட்டினேன். அவன் உடனே பிடித்துக்கொண்டான்.

கைபிடியிலிருந்து ஒலிபெருக்கிகளைக் கழற்றினான். பலாப்பலகையில் மூடிய பெட்டி இரண்டு செய்தான். திண்ணையில் தந்தை அமரும் இடத்துக்கு இரு புறமும், தலையிலிருந்து ஒரு முழத் தூரத்தில், அவற்றைப் பொருத்தினான். திறந்த வெளியிற் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். அருகே வைத்தால் அத்துணையும் இலாபம். தாழ்ந்த சுரத்தைப் பெரிதும் குறைத்து மேற்சுரத்தை உயர்த்தினான். எங்கள் காதுக்கு அது தகரத்தில் மழை பெய்வது போல் இருந்தது. நல்ல பெட்டியை இப்படிப் பாழாக்குகிறானே எனப் பக்கத்து லயத்து இளைஞன் ஒருவன் வருந்தினான்.

பின்னர்க் காதுக் கருவியும் கிடைத்தது. வீட்டில் அது நன்கு உதவுகின்றது. வண்டியில் ஏறும்போது பெரியவர் அதனைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கின்றார். கருவியின் ஒலிவாங்கியிற் காற்று மோதி இரைகின்றதாம். கோல்ட் விங் ஓட்டுபவரின் துன்பம் 20 கிலோமீற்றர் வேகத்திலேயே அவருக்கு வந்துவிட்டது. ஆகையால் வண்டியிற் செல்கையில் அவர் இப்பொழுது பாட்டுக் கேட்பதில்லை. மலையைப் பார்த்துக்கொண்டு வருகின்றார். பாட்டெல்லாம் திண்ணையில்.

ஒரு மாலை நான் அவ்வழியே சென்றபோது கையசைத்து அழைத்தார். பெட்டியில் அவர் இளமை முதல் கேட்டு வந்த பாட்டு ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தது. "மாஸ்டர், இந்த எடத்துல 'காலை'ன்னு பாடுறதாத்தான் ரொம்ப வருசமா நெனச்சிக்கிட்டு இருந்தேன். அது சாலைங்க" என்றார். பேத்தி அருகிற் புத்தகத்துடன் அமர்ந்திருந்தாள். தாத்தாவுக்கு நேர்முகமாக இருந்து வாசிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கின்றேன். அவள் அன்று வாசித்தது என் பாடநூல் அன்று. சிறுவர் சஞ்சிகையில் வந்த நரிக்கதை. நரி ஏமாந்த இடத்திற் பெரியவர் சரியான நேரத்திற் சிரித்தார்.

மகன் துபாய்க்குத் திரும்பிவிட்டான். சென்ற மாதம் அவனிடமிருந்து குரற்செய்தி வந்தது. கோல்ட் விங் வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், தொழிற்சாலையிற் பொருத்திய ஒலிபெருக்கி உதவாது, பெரிதாக வேறு வாங்கிப் பொருத்துக என்று கேட்டாராம். இவன் அவர் கையில் ஒரு சோடி காதடைப்பானைக் கொடுத்து, இதை அணிந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்து வாருங்கள் என்றானாம். அவர் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, பழைய பெட்டியே போதும் என்று கூறிச் சென்றாராம். பட்டறை முதலாளி இரண்டு நாள் இவனுடன் பேசவில்லையாம்.